பயிற்சி முடிந்தது, கதிரை எங்கே?

முஸ்லிம் பெண்களின் தலைமைத்துவ அனுபவத்திலிருந்து மலையகப் பெண்கள் கற்கக்கூடியவை

தலைமைத்துவப் பயிற்சி என்பது யுத்தத்தால் பாதிக்கப்பட்ட பெண்களுக்குப் புதிய சொல் அல்ல. இரண்டு நாள் செயலமர்வு, குழு வேலை, பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுதல், பகலுணவு, கடைசியில் ஒரு சான்றிதழ். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சான்றிதழ் அலுமாரிக்குள் போய்விடுகிறது. அடுத்த மாதம் ஊர்ச் சங்கம் கூடும்போது பழைய ஆட்களே பேசுகிறார்கள், முடிவெடுக்கிறார்கள். பயிற்சி பெற்ற பெண் தேநீர் கொண்டுவந்து கொடுக்கிறாள்.

குறை எங்கே? பயிற்சியிலா, பெண்ணிலா, அல்லது அவளுக்கு அமர இடம் கொடுக்காத சபையிலா? இந்தக் கேள்வியோடு எமது நாட்டு முஸ்லிம் பெண்கள் கடந்த சில தசாப்தங்களில் நடந்து வந்த பாதையைப் பார்ப்போம்.

வட்டகொடைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வட்டகொடை, தலவாக்கலை, ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பெண்கள் இதைக் கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. மலையகத்தின் கடைவீதிகளில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவரும் ஒருவரை ஒருவர் நம்பியே வாழ்கிறார்கள். சம்பள நாள் வரை கடனுக்கு அரிசியும் மாவும் கொடுப்பது கடைக்காரரின் நம்பிக்கை. சம்பளம் வந்ததும் கொண்டுபோய்க் கொடுப்பது தோட்டத்தவரின் நேர்மை. ஒரு வதந்தி வந்து கடைகள் பூட்டப்பட்டால், அன்றிரவு லயத்திலும் அடுப்பு எரியாது.

1977இலும் 1983இலும் நடந்த வன்செயல்களில் வீடிழந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போன மலையகக் குடும்பங்கள் பல. போன இடத்திலும் யுத்தம் அவர்களைத் துரத்தியது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகனை, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. வீதியில் நடந்த ஒரு தகராறில் ஒருவர் காயமடைந்து இறந்துபோக, கைத்தொலைபேசிகளில் பரவிய வெறுப்புச் செய்திகள் அதை இனக்கலவரமாக்கின. அரசாங்கம் அவசரகால நிலையை அறிவித்துச் சமூக ஊடகங்களையும் சில நாட்களுக்குத் தடை செய்ய வேண்டியதாயிற்று. சமாதானம் வடக்கு கிழக்குக்கு மட்டும் உரிய விடயம் அல்ல என்பதை மலைநாட்டவருக்கு உணர்த்திய நாட்கள் அவை.

முகாமில் உருவான தலைமை

1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்த முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடு, காணி, கடை, நகை எல்லாவற்றையும் விட்டுப் போனார்கள். யாழ்ப்பாண நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களாக எழுந்த முகாம்கள் இருபது வருடங்களுக்கும் மேலாக அவர்களின் ஊராயின.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனையில் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்களும் கொல்லப்பட்டனர். இரு பக்கத்திலும் விதவைகள். இரு பக்கத்திலும் அச்சம்.

இந்த நிலையில்தான் முகாம் பெண்கள் வெளியே வந்தார்கள். தொழிலை இழந்த ஆண்களின் வருமானம் போதவில்லை. பெண்கள் வெங்காயத் தோட்டத்துக்கும் உப்பளத்துக்கும் கூலிக்குப் போனார்கள். நிவாரண அட்டை, பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பாடசாலை அனுமதி என்று அலுவலகங்களில் வரிசையில் நின்றார்கள். சேமிப்புக் குழுக்களில் கணக்கெழுதினார்கள். எவரும் தலைமைத்துவம் என்று பெயர் சொல்லாமலே அவர்கள் அதைப் பழகிக்கொண்டார்கள்.

அவ்வாறு மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர் ஜுவைரியா மொஹிதீன். புத்தளத்தில் முஸ்லிம் பெண்கள் அபிவிருத்தி நம்பிக்கை நிதியத்தை வழிநடத்தி, வன்முறைக்கும் விவாகரத்துக்கும் முகம் கொடுத்த பெண்களோடு நின்றவர். இன்னொருவர் ஷிரீன் சரூர். தன்னைச் சொந்த ஊரிலிருந்து துரத்திய யுத்தத்தின் மறுபக்கத்தில் நின்ற தமிழ்ப் பெண்களோடு கைகோத்து, தமிழ், முஸ்லிம் பெண்கள் இருசாராரும் சேர்ந்து இயங்கும் பெண்கள் ஒன்றியத்தை மன்னாரில் கட்டியெழுப்பியவர்களில் அவரும் ஒருவர். துரத்தப்பட்ட ஒருத்தி திரும்பிப் போய் அயலவளின் கையைப் பிடிக்க எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை இடம்பெயர்ந்த பெண்கள் அறிவார்கள்.

சமாதான மேசையில் ஒரு கதிரை

கொழும்பில் 1986இல் தொடங்கிய முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சிச் செயல் முன்னணி, முஸ்லிம் பெண்களின் உரிமைகள் பற்றி ஆய்வும் பயிற்சியும் நடத்தி வந்தது. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான பைசூன் சக்கரியாவுக்கு 2002இல் ஒரு பொறுப்பு வந்தது.

அந்த ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி, பேச்சுவார்த்தை தொடங்கியிருந்தது. பிரதான மேசையில் பெண்களுக்கு உரிய இடம் இருக்கவில்லை. முஸ்லிம்களும் தனித்தரப்பாக அமர்த்தப்படவில்லை. பெண்கள் அமைப்புகள் விடாமல் குரல் கொடுத்தன. 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் நடந்த பேச்சில் பெண்களுக்கான உபகுழுவொன்றை அமைக்க இணக்கம் காணப்பட்டது. அரசாங்கத் தரப்பில் ஐந்து பெண்கள், புலிகள் தரப்பில் ஐந்து பெண்கள். அரசாங்கத் தரப்பின் ஐவரில் பைசூன் சக்கரியாவும் இருந்தார்.

2003 மார்ச்சில் கிளிநொச்சியில் அவர்கள் கூடினார்கள். மீள்குடியேற்றம், பாதுகாப்பு, வாழ்வாதாரம், அரசியலில் பெண்களின் பங்கு ஆகியவை அவர்கள் எடுத்துக்கொண்ட விடயங்கள். ஏப்ரலில் புலிகள் பேச்சுவார்த்தையிலிருந்து விலகியதும் உபகுழுவின் வேலையும் நின்றது.

இது தோல்விதானே என்று கேட்கலாம். ஆனால் வெளியேற்றப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணும், வெளியேற்றிய இயக்கத்தின் பெண்களும் ஒரே மேசையில் அமர்ந்து கிணறும் பாதையும் பாதுகாப்பும் பற்றிப் பேச முடிந்தது. கதிரை கிடைத்தால் பெண்கள் என்ன பேசுவார்கள் என்பதற்கு அது சாட்சி.

பள்ளிவாசலும் தோட்டத்துச் சங்கமும்

ஊருக்குள் கதிரை கிடைப்பது இன்னும் கடினம். முஸ்லிம் ஊர்களில் பிணக்குகள் பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் காதி நீதிமன்றத்துக்கும் போகின்றன. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் காதியாக ஆண்களையே நியமிக்க வகைசெய்தது. தாபரிப்புக் கேட்டுப் போகும் பெண் ஆண்கள் மட்டுமே இருக்கும் சபையின் முன் நின்று தன் கதையைச் சொல்ல வேண்டும். இச்சட்டத்தைத் திருத்தப் பரிந்துரை செய்ய 2009இல் நியமிக்கப்பட்ட குழு 2018இல்தான் அறிக்கை கொடுத்தது. அதற்கு முன்பும் பின்பும் கையொப்பம் சேகரித்து, சாட்சியங்களை எழுதிக் கொடுத்து, ஏச்சுப் பேச்சைத் தாங்கி நின்றவர்கள் முஸ்லிம் பெண்களே.

மலையகத்திலும் கதை இதுதான். கொழுந்து பறிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். சந்தாப் பணம் அவர்களின் சம்பளத்திலிருந்து போகிறது. தோட்டத் தலைவராக வருபவர் பெரும்பாலும் ஆண். மாதர் தலைவி என்ற பதவி உண்டு, ஆனால் துரையோடு பேசப் போகும்போது அவள் பின்வரிசையில் நிற்கிறாள். நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டெழுதி மேடைகளில் பாடிய மண் இது என்பதை மறந்துவிடக் கூடாது.

தமிழ்நாட்டில் இரண்டு பெண்கள்

புதுக்கோட்டையில் ஷரீபா கானம், பெண்களின் வழக்குகளை அவர்கள் இல்லாமலே ஜமாஅத் தீர்க்கிறது என்பதைக் கண்டு, 2004இல் பெண்களுக்கான ஜமாஅத்தை அமைத்தார். கடும் எதிர்ப்பு வந்தது. ஆனாலும் பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் தம் பிரச்சினைகளைக் கொண்டுவந்தார்கள்.

துவரங்குறிச்சியில் பருவமடைந்ததும் பள்ளிக்கூடம் நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்பட்ட சல்மா, இரகசியமாகக் கவிதை எழுதினார். 2001இல் அவ்வூர்ப் பேரூராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது போட்டியிட்டு வென்றார். 2025இல் இந்திய மாநிலங்களவை உறுப்பினரானார். திறமை முதலிலிருந்தே அவரிடம் இருந்தது. கதவைத் திறந்தது ஒதுக்கீடு.

சட்டம் தந்த இடம்

இலங்கையில் உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 வீதத்துக்கும் குறைவாகவே இருந்து வந்தார்கள். 25 வீத ஒதுக்கீடு சட்டமானதும், 2018 பெப்ரவரித் தேர்தலில் அது 20 வீதத்தைத் தாண்டியது. வேட்பாளராக நின்ற முஸ்லிம் பெண்களுக்குச் சில ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. அதையும் மீறி நின்றார்கள்.

தோட்டப் பெண்களுக்கு அந்த ஆண்டு இன்னொரு காரணத்தாலும் முக்கியம். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. லயத்துப் பாதைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் சபையில் வாய் திறக்க இனிமேல் வழி உண்டு.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும்?

இந்த அனுபவங்களிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக் கூடியவை சில:

1. பயிற்சிக்கு முன்பே, அது முடிந்ததும் பெண்கள் எந்தச் சபையில் அமரப் போகிறார்கள் என்பதைத் தீர்மானியுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம், மரண உதவிச் சங்கம், தோட்டச் சங்கம், பள்ளிவாசல் அல்லது கோவில் நிர்வாகம், பிரதேச சபை என எதுவாகவும் இருக்கலாம்.

2. ஒருத்தியைத் தனியே அனுப்பாதீர்கள். இருவர் மூவராகப் போனால் ஒருத்தியின் பேச்சை மற்றவள் தாங்கிப் பிடிப்பாள்.

3. கூட்டறிக்கை எழுதுதல், வரவு செலவுக் கணக்குப் பார்த்தல், மனு எழுதிப் பிரதியை வைத்துக்கொள்ளுதல் ஆகியவற்றைக் கையால் செய்து பழகுங்கள். தாளில் இருப்பதை மறுப்பது கடினம்.

4. தமிழ், முஸ்லிம், சிங்களப் பெண்களைச் சண்டை வருவதற்கு முன்பே ஒன்றாக இருத்துங்கள். வதந்தி வந்த இரவில் யாருக்குத் தொலைபேசி எடுப்பது என்பது அப்போது தெரிந்திருக்கும்.

5. கூட்ட நேரத்தைப் பெண்கள் கேட்டு வாங்க வேண்டும். கொழுந்து நிறுத்து, பிள்ளைக்குச் சோறு கொடுத்துவிட்டு வரக்கூடிய நேரமாக அது இருக்கட்டும்.

சகோதரிகளே, முகாமில் தண்ணீர்ப் பங்கீட்டை ஒழுங்குசெய்தவள், காணாமற் போன மகனைத் தேடி ஒவ்வொரு கதவாகத் தட்டியவள், விதவையாகிப் பிள்ளைகளை வளர்த்தவள், எல்லோரும் ஏற்கெனவே தலைமை தாங்கியவர்கள்தான். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது தேநீர்த் தட்டை வேறொருவர் எடுக்கட்டும். நீங்கள் முன்வரிசையில் போய் அமருங்கள்.