பேச்சு நின்ற வீட்டுக்கும் போய் வருவோம்

பக்கவாதம் வந்த வீட்டில் முதல் வாரம் கூட்டம் தாங்காது. ஜமாஅத்தார், சொந்தபந்தம், கடைத்தெரு நண்பர்கள் எல்லோரும் வருவார்கள், துஆ செய்வார்கள், பழம் வைத்துவிட்டுப் போவார்கள். மூன்று மாதம் கழித்து அதே வீட்டுக்குப் போனால் வாசலில் வெளியாள் செருப்பு ஒன்றுகூட இருக்காது. நலம் விசாரிக்கப் போகும் நாங்கள் இதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டோம். யாருக்கும் பாசம் குறைந்துவிடவில்லை. "அவரால் பேச முடியவில்லையே, போய் என்ன பேசுவது?" என்ற தயக்கம்தான் காரணம். அந்தத் தயக்கத்தைப் போக்கவே இதை எழுதுகிறோம்.

என்ன நடக்கிறது?

மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் வருகிறது. பெரும்பாலானோருக்கு மொழியைக் கையாளும் பகுதி மூளையின் இடப்பக்கம் இருக்கிறது. அங்கே பாதிப்பு வந்தால் வலது கை, கால் தளர்வதோடு பேச்சும் தடைபடலாம். இதை மருத்துவர்கள் 'அஃபேசியா' என்கிறார்கள். பக்கவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது ஏற்படுகிறது.

சிலருக்கு நாம் சொல்வது புரியும், பதில் சொல்லத்தான் வார்த்தை வராது. சிலர் தண்ணீரை நினைத்துக்கொண்டு 'சாவி' என்பார்கள். சிலருக்குப் பிறர் பேச்சைப் புரிந்துகொள்வதே சிரமம். படிப்பதும் எழுதுவதும்கூடப் பெரும்பாலும் பாதிக்கப்படுவதால், "எழுதிக் காட்டுங்கள்" என்று தாளை நீட்டுவது பலருக்கு உதவாது.

ஆனால் புத்தி மழுங்கிவிடவில்லை. பேரன் எந்த வகுப்பு, கடையில் யார் பாக்கி என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தன்னை ஒதுக்குகிறார்கள் என்பதும் தெரியும்.

குடும்பத்தார் குழம்பும் விஷயம் ஒன்று உண்டு. தன் பெயரைச் சொல்லத் திணறுபவர் ஸலாமுக்குப் பதில் சொல்வார், ஒன்று முதல் பத்துவரை எண்ணுவார், சூரத்துல் ஃபாத்திஹாவை ஓதிவிடுவார். உடனே, "ஓத முடிகிறது, நம்மிடம் பேச மட்டும் முடியாதா?" என்று கோபம் வரும். பல்லாண்டு ஓதிப் பழகியது தானாக வருகிறது. புதிதாக ஒரு வாக்கியம் அமைப்பது வேறு வேலை. சிலருக்குத் திட்டும் சொல்லும் இப்படித் தானாக வந்துவிடும், அதை மனதில் வைக்க வேண்டாம்.

போனால் எப்படிப் பேசுவது?

* தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, அவர் முகம் பார்த்து உட்காருங்கள். கத்த வேண்டாம், காது நன்றாகவே கேட்கிறது.
* சின்னச் சின்ன வாக்கியமாக, ஒரு நேரத்தில் ஒரு விஷயம் பேசுங்கள்.
* "என்ன வேண்டும்?" என்பதைவிட, "டீயா, பாலா?" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள்.
* பதிலுக்குக் காத்திருங்கள். அவர் தேடும் சொல்லை நாமே முந்திச் சொல்லிவிடக் கூடாது. தவிக்கும்போது, "நான் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம்.
* 'ஆமாம்', 'இல்லை' மாறி வரலாம். தலையசைப்பைப் பார்த்து, திரும்பக் கேட்டு உறுதி செய்யுங்கள்.
* பழைய புகைப்படம், நாட்காட்டி, பேனா, தாள் பக்கத்தில் இருக்கட்டும்.
* புரியாதபோது புரிந்ததுபோல் தலையாட்டாதீர்கள். அவருக்கு அது தெரிந்துவிடும்.

கனடாவின் டொராண்டோவில் உள்ள அஃபேசியா நிலையம் தொண்டர்களுக்கு இத்தகைய முறைகளைக் கற்றுத் தருகிறது. அங்கு நடந்து 2001இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற தொண்டர்களோடு பேசியபோது, அஃபேசியா உள்ளவர்கள் முன்பைவிட நன்றாக உரையாடினார்கள். அவர்களுக்குத் தனியாக எந்தப் பயிற்சியும் தரப்படவில்லை. எதிரே உட்கார்ந்தவர் மாறியதே போதுமானதாக இருந்தது.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

மகளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது, வீட்டை விற்பது, ஜகாத் யாருக்குக் கொடுப்பது போன்றவற்றை, "அத்தாவுக்கு என்ன தெரியப்போகிறது" என்று அவரை வைத்துக்கொண்டே முடிவு செய்துவிடுகிறோம். பேச முடியாததைப் புத்தி பேதலித்ததாக எண்ணிவிடக் கூடாது. பொறுமையாகக் கேட்டால் தலையசைத்தாவது சம்மதத்தைச் சொல்வார். மகளின் நிக்காஹில் அவரை மூலையில் உட்கார வைக்காதீர்கள். வலியாக இருக்க வேண்டியவர் பேச இயலாதபோது என்ன செய்வது என்று இமாமிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

பேச்சுப் பயிற்சியைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரியுங்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகும் பயிற்சியால் ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரலாம், ஆகவே "இனி அவ்வளவுதான்" என்று விட்டுவிடாதீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அஃபேசியாவால் வரும் நிரந்தரப் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் மாற்றுத்திறனாக ஏற்றுள்ளது. அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம்.

ஜமாஅத்தாகிய நாம் செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஜும்ஆவுக்கு ஒருவர் கைபிடித்து அழைத்து வரலாம். தொழுகை முடிந்து பள்ளிவாசல் திண்ணையில் பேசும்போது அவருக்கும் ஒரு நாற்காலி போடலாம். பெண்களுக்கும் இந்நோய் வருகிறது. வீட்டுக்குள் முடங்கிவிட்ட உம்மாக்களைப் பார்க்கப் பக்கத்து வீட்டுச் சகோதரிகள் வாரம் ஒருமுறை போய் வரலாம்.

இந்த வாரம் உங்கள் தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால் போங்கள். ஸலாம் சொல்லிவிட்டுச் சற்றுக் காத்திருங்கள். பதில் வரும்.