கியர் மாற மறுக்கும் பழைய வண்டி

பழைய மோட்டார் வண்டியை வாங்கியவர், கியர் மாற மறுத்தவுடன் கியர்ப்பெட்டியே கெட்டதென்று கலங்குவதுண்டு. அதனைக் கழற்றுதல் பெருஞ்செலவு. ஆதலின் பழுதின் இடத்தை முதலில் அறிதல் வேண்டும்.

அதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. எஞ்சினை நிறுத்திவிட்டு, கிளச்சை மிதித்துக் கியர்களை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தல் வேண்டும். அப்போது இலகுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் கரகரத்து மறுக்குமாயின், குற்றம் பெரும்பாலும் கிளச்சினுடையதே. மிதியை முழுதும் அழுத்தியும் அது எஞ்சினையும் கியர்ப்பெட்டியையும் பிரிக்கவில்லை என்பது பொருள். பல வேளைகளில் மிதியின் இணைப்பைச் சீர்செய்தாலே போதும். எஞ்சின் நின்றபோதும் கியர் இறுகினால், கியர்க்கோலின் இணைப்புகளையும் கியர்ப்பெட்டி எண்ணெயையும் நோக்குதல் வேண்டும்.

எல்லா ஓசையும் பழுதன்று. 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியாகி, இலங்கை வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனரின் முதற்கியருக்கு, பற்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பே இல்லை. ஓடும் வண்டியில் அதனை இட்டால் பற்கள் உரசவே செய்யும். வண்டி நின்றபின் இடுதலே முறை.

ஆனால், இறக்கத்தில் கியர் தானாக நழுவுமாயின் காலந்தாழ்த்தலாகாது. எஞ்சினின் பிடிப்பை இழந்த வண்டியின் பாரம் முழுவதும் பிரேக்கின் மீதே விழும். கண்டி வீதியின் கடுகண்ணாவை போன்ற சரிவுகளில் அது உயிருக்கே இடராகும்.