சனிக்கிழமை இரவும் ஒரு தட்டு பிஸ்கட்டும்: இருவர் மட்டும் சேர்ந்து பூப்போட ஒரு வழி

கலியாணமாகி ஆறு வருடங்களில் நானும் கணவரும் இருவராக மட்டும் போன இடங்களை அண்மையில் எண்ணிப் பார்த்தேன். நல்லூரடியில் ஐஸ்கிறீம், யாழ்ப்பாணக் கோட்டை மதிலில் அரை மணித்தியாலம், வருடத்தில் ஒரு தடவை காரைநகர் கசூரினா கடற்கரை. எங்கே போனாலும் தெரிந்த முகம் ஒன்று எதிரே வரும். "எங்க இந்தப் பக்கம்?" என்ற கேள்வியும் கூடவே வரும். வீட்டிலோ மாமா, மாமி, தொலைக்காட்சி, ஆளுக்கொரு கைத்தொலைபேசி.

மேற்கு நாடுகளில் கணவன் மனைவிக்கென்று ஒரு மாலையை ஒதுக்குவதை 'டேட் நைட்' என்கிறார்கள். அதில் ஒரு வகை, வீட்டிலேயே பிஸ்கட் சுட்டு, அதன்மேல் ஐசிங்கால் இருவரும் படம் வரைவது. படிக்கும்போது சிறுபிள்ளை விளையாட்டாகத்தான் தெரிந்தது. செய்து பார்த்தபின் அப்படித் தெரியவில்லை. எங்கள் அடுப்படிக்கு ஏற்றமாதிரி அதை எப்படிச் செய்யலாம் என்பதே இந்தக் கட்டுரை.

இது அந்நியமான விடயமா?

'குக்கி' என்ற ஆங்கிலச் சொல், சிறிய கேக் எனப் பொருள்படும் ஒல்லாந்துச் சொல்லிலிருந்து வந்தது. தென்னிலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்கு அச்சில் தோய்த்துப் பொரிக்கும் கொக்கிஸின் பெயரும் அதே சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். எங்கள் பேக்கரிகளின் 'போறணை' போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். மாவைச் சீப்பில் உருட்டி வரி பதித்து, பொரித்து, சீனிப்பாகில் புரட்டும் சிப்பிப் பலகாரத்துக்கும் ஐசிங் பிஸ்கட்டுக்கும் தூரம் அதிகமில்லை.

கலியாண வீடுகளின் பலகாரச்சூட்டை நினைத்துப் பாருங்கள். அயலட்டைப் பெண்கள் அடுப்பைச் சுற்றி இருந்து பயற்றம் பணியாரமும் முறுக்கும் சுட்டபடி கதைத்த கதைகள் எத்தனை! கை வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். ஆம்பிளைகள் விறகு கொத்திக் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுவார்கள். ஆகவே இங்கே புதிது பிஸ்கட் அல்ல. கணவனும் அதே பலகையில் வந்து இருப்பதுதான்.

ஏன் இது வேலை செய்கிறது?

அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஆரனும் அவரது குழுவினரும் 2000ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் தம்பதியரின் கைகால்களைச் சேர்த்துக் கட்டி, கைபடாமல் ஒரு திண்டைத் தாங்கியபடி தவழ்ந்து போகச் சொன்னார்கள். இப்படிப் புதிதாகவும் சிரிப்பாகவும் ஒன்றைச் சேர்ந்து செய்தவர்கள், சலிப்பான வேலையைச் செய்தவர்களை விட, தங்கள் உறவில் கூடிய திருப்தியைச் சொன்னார்கள். ஐசிங் வேலையின் நன்மையும் இதுதான்: பெரும்பாலும் இருவருக்குமே அது வராது. ஒருவர் ஆசிரியராகவும் மற்றவர் மாணவராகவும் ஆகாமல், இருவரும் சேர்ந்தே பிழைவிடலாம்.

முதல்நாள் வேலை

பிஸ்கட்டை முதல்நாளே சுட்டு வையுங்கள். சூடான பிஸ்கட்டில் ஐசிங் உருகி வழியும். 250 கிராம் கோதுமை மா, 125 கிராம் பட்டர் அல்லது மாஜரின், 90 கிராம் ஐசிங் சீனி, ஒரு சிட்டிகை உப்பு, கொஞ்சம் ஏலக்காய்த்தூள். பட்டரையும் சீனியையும் குழைத்து, மாவைச் சேர்த்து, இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் விட்டுப் பிசையுங்கள். அரை மணித்தியாலம் குளிரூட்டியில் வைத்து, கால் அங்குலத் தடிப்பில் உருட்டி, தம்ளர் விளிம்பால் வெட்டலாம். 170 பாகை செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம்; ஓரம் இலேசாகப் பொன்னிறமானால் போதும்.

அவண் இல்லாத வீடுகளே அதிகம். அடிகனமான பெரிய சட்டியில் மணல் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிச் சூடாக்கி, அதற்குள் தட்டை வைத்தும் சுடலாம். நேரம் கூடும், அடிக்கடி பார்க்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால் மாரி பிஸ்கட் பைக்கற் ஒன்று வாங்குங்கள். 2022 நெருக்கடிக்குப் பிறகு பட்டர் விலை தெரிந்த எவரும் உங்களைக் குறை சொல்லமாட்டார்கள்.

ஐசிங்கும் நிறமும்

வெளிநாட்டுக் குறிப்புகளில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு இருக்கும். எங்கள் வெக்கையில் அது வேண்டாம், மரக்கறிக்காரருக்கும் ஆகாது. 200 கிராம் ஐசிங் சீனிக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் அல்லது தேசிக்காய்ப்புளி போதும். இரண்டையும் சேர்க்காதீர்கள், பால் திரையும். கரண்டியால் விழுத்தும் கோடு அப்படியே நின்றால் எல்லை கீறலாம். பத்து எண்ணுவதற்குள் மறைந்தால் உள்ளே நிரப்பலாம்.

பீற்றூட் சாறு இளஞ்சிவப்பு, மஞ்சள்தூள் மஞ்சள், வேலியில் பூக்கும் சங்குப்பூவை ஊறவைத்த தண்ணீர் நீலம். நீலத்தில் தேசிக்காய் ஒரு துளி விட்டால் ஊதாவாக மாறும். அதுவே ஒரு வேடிக்கை. சாறு விட்டால் பாலைக் குறையுங்கள். தடித்த பொலித்தீன் பையின் மூலையை ஊசிமுனையளவு வெட்டினால் கூம்பு தயார்.

சோளகக் காற்றுக் காலத்தில் ஐசிங் இரவோடிரவாகக் காயும். கார்த்திகை, மார்கழி மழையில் காயாது. மின்விசிறியின் கீழ் வையுங்கள். எறும்புக்குத் தட்டைச் சுற்றித் தண்ணீர் கட்டுங்கள்.

அன்றைய ஒழுங்கு

கைத்தொலைபேசிகள் அடுத்த அறையில். மாமிக்கு முதலே சொல்லி, முதல் பிஸ்கட்டை அவருக்குக் கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அது நன்றாக வேலை செய்தது. பிறகு மூன்று சுற்று. முதலாவது, கண்ணைக் கட்டி ஒருவர் வரைய, மற்றவர் சொல்லால் வழிகாட்டுவது. நான் கீறிய மயிலைப் பார்த்து இவர், "உது என்னப்பா, கோழியோ?" என்று கேட்டார். இரண்டாவது, முதன்முதல் சந்தித்த இடத்தை இருவரும் தனித்தனியே வரைவது. மூன்றாவது, இந்த வருடம் தனக்கு என்ன வேண்டும் என்பதை வாய்திறக்காமல் வரைவது. கழுவும் வேலை இருவருக்கும்.

இவர் வெளிநாட்டில் என்றால்?

ஸ்பொன்சர் விசாவுக்காகக் காத்திருக்கும் பெண்கள் இங்கே பல வீடுகளில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஞாயிறு இரவு 8.30 என்றால், கோடை காலத்தில் சூரிச்சில் மாலை 5 மணி, ரொறன்ரோவில் காலை 11 மணி. குளிர்காலத்தில் அங்கே இன்னும் ஒரு மணித்தியாலம் முந்தி. இருவரும் ஒரே பிஸ்கட், ஒரே நிறங்களோடு வீடியோ அழைப்பில் இருங்கள். "சாப்பிட்டியா?" என்ற கேள்விக்குப் பிறகு மௌனமாகிவிடும் அழைப்பைவிட இது நீளும். ஜேர்மன் சந்தைகளில் காதல் வாசகம் எழுதிய இஞ்சி ரொட்டி இதயங்களை அவர் பார்த்திருப்பார். வட குரோஷியாவின் அந்தக் கைவினையை யுனெஸ்கோ 2010இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அவரும் ஓர் இதயம் வரையட்டும்.

மூன்றாவது சுற்றில் நான் ஓட்டுவீடு ஒன்று கீறினேன். எங்கள் காணியில் அத்திவாரத்தோடு நிற்கும் வீடு. இவர் கீறியது விமானம். வால் கோணலாக இருந்தாலும் விமானம் என்று தெரிந்தது. கனடாக் கதையை நாங்கள் இருவரும் மாதக்கணக்காகத் தொடாமல் இருந்தோம். அன்று இரவு பன்னிரண்டு மணி வரை கதைத்தோம். முடிவு எதுவும் எடுக்கவில்லை. ஆனால் இவர் போக நினைப்பது எவ்வளவு காலமாக என்பதும், நான் எதற்குப் பயப்படுகிறேன் என்பதும் இருவருக்கும் தெரிந்துவிட்டது.

காலையில் மாமி தட்டைப் பார்த்தார். வீட்டை எடுத்துக் கடித்துவிட்டு, "சீனி கொஞ்சம் கூடிப்போச்சு பிள்ளை" என்றார். விமானத்தை அவர் தொடவில்லை. அடுத்த தடவை ஐசிங்கில் சீனியைக் குறைக்க முடியாது. பிஸ்கட்டில் 90 கிராமை 70 ஆக்கலாம் என்று நினைக்கிறேன்.