நதி இறக்கிவைத்த தூண்கள்

நம் ஊர்த் தேர் நிலையிலிருந்து புறப்பட்டு நான்கு வீதியும் சுற்றி மறுபடி நிலைக்கு வந்து சேர்வதைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குப் பெரும் பாரத்தை நகர்த்தும் கலையின் பாலபாடம் தெரிந்தேயிருக்கும்: வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேராயிருந்தாலும், சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிற நாலு பேருடைய கையிலேதான் தேரின் கதி இருக்கிறது, ஏனெனில் அவ்வளவு கனத்தை நகர்த்துவதைக் காட்டிலும், நகர்ந்ததை வேண்டிய இடத்தில் நிறுத்துவதே கடினம். தரை அசையாதிருக்கும்போதே இப்படியென்றால், பாரம் ஒரு தோணியின்மீது இருந்து, அந்தத் தோணி வேகமாய் ஓடும் நதியின்மீது இருக்குமாயின், அதைக் கரையேற்றுகிறவர்களுடைய சங்கடத்தை ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம். அவர்கள் அஞ்சுவது எடைக்கு அன்று. காலடியில் தரை இல்லாமைக்கே.

ஓடும் நீரின் பலத்தைப் பற்றி நாம் பொதுவாகக் குறைவாகவே எண்ணுகிறோம். நீரோட்டத்தின் வேகம் இரு மடங்கானால், அது தோணியைத் தள்ளும் விசையும் இரு மடங்காகும் என்று நினைப்பது இயல்பு. உண்மையிலோ அது நான்கு மடங்காகிறது, வேகம் மும்மடங்கானால் விசை ஒன்பது மடங்காகிவிடுகிறது. காலையில் அலட்சியமாகத் தோணியைப் பிடித்துக்கொண்டிருந்த அதே வடம், மலையில் மழை பெய்து வெள்ளம் வந்த மாலையில் நூலைப்போல் அறுந்துபோவதன் ரகசியம் இதுவே. ஆகையினால்தான் ஆற்றுத்துறைகளில் வேலை செய்கிறவர்கள் தோணியின் குறுகிய முகப்பு ஓட்டத்தை எதிர்நோக்கும்படி நிறுத்தி, மேல்திசையில் நங்கூரங்களை அகல விரித்துப் போடுகிறார்கள். அதன் அகன்ற விலாவை நீருக்குக் காட்டினால், எத்தனை வடம் கட்டினாலும் போதாது.

இதைக் காட்டிலும் நுட்பமான அபாயம் ஒன்று உண்டு. தோணியின்மேலேயே ஒரு பாரந்தூக்கியை நிறுத்தி, தளத்திலுள்ள பாரத்தை அதன் கொக்கியில் மாட்டித் தூக்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம்; பாரம் தளத்தைவிட்டு ஓர் அங்குலமே எழும்பியிருந்தாலும், எழும்பிய அந்தக் கணத்திலேயே அதன் கனம் முழுவதும் பாரந்தூக்கியின் உச்சியில் கொண்டுபோய் வைத்ததற்குச் சமமாகிவிடுகிறது. பார்க்கிறவனுடைய கண்ணுக்குப் பாரம் அடியிலேதான் இருக்கிறது. தோணிக்கோ அது தலைமேல் ஏறிவிட்டது. தலைக்கனம் பிடித்த தோணி, நீரோட்டத்தின் ஒரு சிறு சுழிப்பில் சாய்ந்தால், தொங்கும் பாரமும் அதே பக்கம் ஊசலாடிச் சாய்வை மிகைப்படுத்தும். அதன்பின் கவிழ்வதைத் தடுப்பார் இல்லை. தூக்காமல் பலகைச் சரிவில் இழுத்துக் கரையேற்றலாமே என்றால், பாரம் விளிம்பை நெருங்க நெருங்கத் தோணியின் அந்த முனை தாழ்கிறது. பாரம் கரையை அடைந்த மாத்திரத்தில், விடுபட்ட முனை துள்ளி எழுகிறது. அந்தத் துள்ளலில் சரிவுப்பலகை நழுவினால், அருகில் நிற்பவர்களின் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த உபத்திரவங்களுக்கெல்லாம் பரிகாரம், நதியோடு மல்லுக்கு நில்லாமல், நதியையே கூலியாளாக அமர்த்திக்கொள்வதுதான் என்பதைப் பழைய காலத்தவர் கண்டுபிடித்திருந்தார்கள். எகிப்தியருடைய ஓபெலிஸ்க்குகள், அதாவது ஒரே கருங்கல்லில் நான்கு பட்டையாய்ச் செதுக்கப்பட்டு, மேலே போகப்போகச் சிறுத்துக் கூர்நுனியில் முடிகிற மகத்தான கற்றூண்கள், நைல் நதியின் வழியாகவே கொண்டுசெல்லப்பட்டன. தாலமி பிலடெல்பஸ் என்னும் அரசன் காலத்தில் அப்படி ஒரு தூணைத் தோணியில் ஏற்றிய விதத்தை உரோமாபுரி ஆசிரியர் பிளினி விவரித்திருக்கிறார். தூண் கிடந்த இடம்வரை நதியிலிருந்து ஒரு கால்வாய் வெட்டி, தூணின் இரு முனைகளும் கால்வாயின் இரு கரைகளிலும் தங்கி நிற்கும்படி செய்தார்களாம். பிறகு அகன்ற தோணிகள் இரண்டில், தூணின் எடையைப்போல் இரு மடங்கு எடையுள்ள சிறு கற்களை நிரப்பி, நீரில் ஆழ அமிழச் செய்து, தூணுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார்களாம். அதன்பின் கற்களை ஒவ்வொன்றாய் எடுத்து வெளியே போடப் போட, தோணிகள் மெல்ல மெல்ல எழும்பித் தாமே தூணைத் தோளில் சுமந்துகொண்டனவாம். பாரத்தை எவரும் தூக்கவில்லை, தண்ணீர் தூக்கிற்று. இந்த விருத்தாந்தத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்று அறிஞர்கள் ஆராயட்டும். இந்த உபாயத்தில் எனக்குக் குற்றம் தென்படவில்லை.

பிளினிக்குப் பதினெட்டு நூற்றாண்டு கழிந்து, பிரெஞ்சுக்காரர்கள் எகிப்திலிருந்து ஒரு தூணைப் பாரிஸ் நகரத்திற்குக் கொண்டுவர முற்பட்டபோது, இதே பாடத்தைத் தங்கள் செலவில் மறுபடி படிக்க நேர்ந்தது. லுக்ஸர் கோயில் வாசலில் நின்ற இரண்டு தூண்களை எகிப்தை ஆண்ட முகம்மது அலி அவர்களுக்கு அளித்திருந்தார். எகிப்திய எழுத்தின் மர்மத்தைத் துலக்கிய சாம்பொலியனின் யோசனைப்படி, மேற்குப்புறத்துத் தூண் முதலில் தெரிந்தெடுக்கப்பட்டது. உயரம் சுமார் 75 அடி. எடை சுமார் 230 டன். சமுத்திரத்தில் செல்லத்தக்கதாகவும், நைல், ஸேன் என்னும் இரண்டு நதிகளின் ஆழமின்மையைச் சகிக்கத்தக்கதாகவும், ஸேன் நதியின் பாலங்களுக்கடியில் நுழையத்தக்கதாகவும், அடி தட்டையான விசித்திரக் கப்பல் ஒன்று தூலோன் துறைமுகத்தில் இதற்கென்றே கட்டப்பட்டது. அதற்கும் 'லுக்ஸர்' என்றே பெயரிட்டார்கள். நதிக்கும் கடலுக்கும் ஒருங்கே ஏற்றதாகச் செய்யப்படும் எதுவும் இரண்டிற்கும் அரைகுறையாகவே ஏற்றதாயிருக்கும் என்பதற்கு, அந்தக் கப்பல் நல்ல உதாரணம்.

1831 ஏப்ரலில் புறப்பட்ட அக்கப்பல் ஆகஸ்டில், நைலில் வெள்ளம் பெருகியிருந்த சமயத்தில், லுக்ஸரை அடைந்து கரைமேல் ஏறி அமர்ந்தது. வெள்ளம் வடிந்தபின் மணலில் நின்றது. வேலைக்குப் பொறுப்பாளரான அப்பொலினேர் லெபா என்னும் பொறியியலறிஞர் வேண்டியதும் அதுவே. மிதக்கும் கப்பலில் 230 டன் கல்லை இழுத்து நுழைப்பதை அவர் கனவிலும் எண்ணவில்லை. கப்பல் பூமியோடு பூமியாய் அசையாது நிற்க, அதன் முகப்பை வாளால் அறுத்தெடுத்து, தூணைச் சரிவுவழியே இழுத்து உட்புகுத்தி, அறுத்த முகப்பை மீண்டும் பொருத்திவிட்டார். வழியிலிருந்த குடியானவர்களின் வீடுகள் பல இதற்காக விலைக்கு வாங்கி இடிக்கப்பட்டன; வாந்திபேதி நோய் வேறு அந்தப் பருவத்தில் தேசத்தைப் பீடித்திருந்தது. அவ்வளவையும் தாங்கித் தூணைக் கப்பலில் ஏற்றியபின், செய்வதற்கு ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு வெள்ளம் வந்து கப்பலைத் தூக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். 1832 ஆகஸ்டில் நைல் பெருகிற்று; கப்பல் மிதந்தது. நதி கடலில் கலக்கும் ரோஸெட்டாவில் முகத்துவார மணல்திட்டு மறித்துக்கொள்ள, அங்கே மூன்று மாதம் சென்றது. பிறகு அலெக்ஸாந்திரியா, அங்கிருந்து 'ஸ்பிங்க்ஸ்' என்னும் நீராவிக் கப்பலால் இழுக்கப்பட்டுத் தூலோன், ஷெர்பூர், ரூவான், கடைசியில் குதிரைகள் கரையோரமாய் இழுத்துவர, 1833 டிசம்பர் 23-ல் பாரிஸ்.

வந்து சேர்ந்தாயிற்றே, இனி இறக்கிவிடலாம் என்று வாசகர் நினைக்கலாம். அப்படி நடக்கவில்லை. ஸேன் நதி குளிர்காலத்தில் பெருகி ஓடுவது. அந்த ஓட்டத்தின் நடுவில் பாரத்தைக் கலைக்க லெபா சம்மதிக்கவில்லை. வேனிலில் நீர் குறைந்து, கப்பல் தரைதட்டி அசைவற்று அமர்ந்தபின், 1834 ஆகஸ்டிலேதான் தூண் வெளியே இழுக்கப்பட்டது. எகிப்திலிருந்து புறப்படுவதற்கு வெள்ளத்தை எதிர்பார்த்த மனிதர், பாரிஸில் இறக்குவதற்கு வறட்சியை எதிர்பார்த்துக் காத்திருந்தார். அவருடைய சாமர்த்தியத்தைப் புகழ்கிறவர்கள் வடங்களையும் கப்பிகளையும் பற்றிப் பேசுவது வழக்கம்; என்னைக் கேட்டால், ராஜாங்கத்தின் கண்முன்னே, தலைநகரத்தின் மத்தியில், ஏழு மாதத்திற்குமேல் ஒன்றும் செய்யாமல் இருக்கத் துணிந்ததே அவர் செய்த பெரிய காரியம் என்பேன். தூண் 1836 அக்டோபர் 25-ல் கான்கார்ட் சதுக்கத்தில், பெருந்திரளான ஜனங்களின் முன்னிலையில் நிமிர்த்தப்பட்டது.

லண்டனுக்கு வந்த தூணின் கதை வேறுவிதமானது. ஏனெனில் தேம்ஸ் நதிக்கு வெள்ளமும் வறட்சியும் ஆண்டுக்கொருமுறை வருவன அல்ல, தினந்தோறும் இருமுறை வருவன. கடலின் ஏற்றவற்றம் அந்நதியில் உள்நாட்டுக்குள் வெகுதூரம் புகுகிறது. லண்டன் பாலத்தருகே நீர்மட்டம் சுமார் 20 அடி ஏறி இறங்குகிறது. ஆறு மணி நேரம் கடலிலிருந்து ஊரை நோக்கிப் பாய்ந்த நீர், சிறிது நேரம் திகைத்ததுபோல் நின்று, பிறகு ஊரிலிருந்து கடலை நோக்கித் திரும்பிப் பாய்கிறது. அந்தத் திகைப்புவேளைதான் தேம்ஸ் படகோட்டிகளின் சுபமுகூர்த்தம்.

1877-ல் ஜான் டிக்ஸன் என்னும் பொறியியலாளர், சுமார் 68 அடி உயரமும் 186 டன் எடையுமுள்ள 'கிளியோபாத்ராவின் ஊசி' எனப்படும் அந்தத் தூணை, 92 அடி நீளமுள்ள இரும்பு உருளை ஒன்றில் அடைத்து, கப்பலின் பின்னே கட்டி இழுத்துவரச் செய்தார். பிஸ்கே விரிகுடாவில் அக்டோபர் மாதம் புயல் தாக்கியபோது உருளை நிலைகுலைந்தது. அதிலிருந்தவர்களைக் காப்பாற்றப் படகில் சென்ற ஆறு மாலுமிகள் மாண்டார்கள். கைவிடப்பட்ட உருளை மூழ்காமல் மிதந்து, வேறொரு கப்பலின் கண்ணில் பட்டு, ஸ்பெயினுக்குப் போய், 1878 ஜனவரியில் தேம்ஸை அடைந்தது.

அதை இறக்கிய விதம் பிளினி கேட்டிருந்தால் புன்னகை புரியத்தக்கது. நதிக்கரைப் படித்துறையை ஒட்டிக் கனத்த மரங்களால் ஒரு மேடை அமைத்தார்கள். நீர் முழுவதும் ஏறிய வேளையில் உருளையை அந்த மேடைக்கு நேர்மேலே மிதக்கவிட்டு நிறுத்தினார்கள். நீர் வற்ற வற்ற, உருளை தானே தாழ்ந்து மேடைமேல் அமர்ந்தது. அதன்பின் இரும்புக்கூட்டை உடைத்தெடுத்து, நீரழுத்த ஜாக்கிகளைக் கொண்டு கல்லை அங்குலம் அங்குலமாய் உயர்த்தி, உயர்ந்த இடைவெளியில் உடனுக்குடன் மரக்கட்டைகளைச் செருகி, மறுபடி உயர்த்தி, மறுபடி செருகி, இவ்வாறு பீடத்தின் மட்டத்திற்குக் கொண்டுவந்தார்கள். முட்டுக்கட்டையின் மகிமை அங்கேயும் விளங்கிற்று. தூணின் இடுப்பில், அதன் எடைநடு அமைந்த இடத்தில், இரும்புக்கவசம் பூட்டித் தராசுக்கோல்போல் சமன்செய்திருந்தபடியால், செப்டம்பர் 12-ல் அதை நிமிர்த்துவது மிகச் சுலபமாய் முடிந்தது.

மூன்றாவது தூண் அமெரிக்காவுக்குப் போயிற்று. கடற்படை அதிகாரியான ஹென்றி காரிஞ்ச் அதை 1880-ல் நியூயார்க்குக்குக் கொண்டுவந்தார். ஹட்ஸன் நதியும் இருதிசை ஓட்டமுள்ளதே; கடலின் ஏற்றம் அதில் நூறு மைலுக்கு அப்பாலும் தெரிகிறது. ஸ்டேட்டன் தீவில் கப்பலின் வயிற்றைத் திறந்து தூணை வெளியே எடுத்தபின், வற்றம் கண்ட வேளையில் அதன் அடியில் மிதவைகளைச் செலுத்தி, ஏற்றம் அவற்றை உயர்த்திக்கொடுக்கும்படி விட்டு, நதிவழியே 96-ஆம் தெருத் துறைக்கு மிதக்கவிட்டார்கள். அங்கிருந்து சென்ட்ரல் பூங்காவுக்கு அதை இழுத்துச் செல்வதற்கு, உலர்ந்த கெட்டித்தரையில், 112 நாள் பிடித்தது.

நம் காலத்தில் நிலைமை மாறிவிட்டதா என்றால், யந்திரம் மாறியிருக்கிறது, யுக்தி மாறவில்லை. மின்நிலையங்களுக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான டன் எடையுள்ள மின்மாற்றிகளும் கொதிகலன்களும் இன்றும் தட்டைத் தோணிகளில் வருகின்றன. எண்ணிறந்த சக்கரங்களுள்ள வண்டிமேல் பாரத்தை வைத்து, தோணியிலிருந்து கரைக்கு உருட்டிச் செல்கிறார்கள். வண்டி கரையேற ஏறத் தோணி துள்ளி எழாதிருக்கும்பொருட்டு, அதன் அடியறைகளில் ஆற்றுநீரைக் குழாய்யந்திரங்களால் நிரப்பிக்கொண்டேயிருக்கிறார்கள். கரைக்குப் போன எடைக்கு ஈடாக நீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பிளினி காலத்துக் கற்கள் தண்ணீராகிவிட்டன, அவ்வளவுதான். ஏற்றவற்றமுள்ள துறையாயின், நீர் திகைத்து நிற்கும் வேளைக்குக் காத்திருப்பதும், கூடுமானால் தோணியைத் தரைதட்டி அமரச் செய்வதும் இன்றும் உள்ள வழக்கமே.

பாரிஸுக்குப் போகும் பாக்கியம் வாய்க்கிறவர்கள், கான்கார்ட் சதுக்கத்தில் தூணின் உச்சியையே அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பாமல், அதன் பீடத்தையும் ஒரு கணம் குனிந்து பார்க்க வேண்டுகிறேன். லெபா கையாண்ட வடங்களும் கப்பிகளும் மரச்சட்டங்களும் அங்கே கல்லில் வரையப்பட்டுப் பொன்முலாம் பூசப்பட்டிருக்கின்றன. பிறகு சதுக்கத்தின் தென்புறத்துக்குச் சில அடி நடந்தால், ஸேன் நதி.