சின்னமும் நாணயமும்

வியாபாரம் முகம் பார்த்து நடந்த காலம் ஒன்று இருந்தது. புத்தூர்ச் சந்தியிலே ஒருவரிடம் வெங்காயம் வாங்கியவர், அதில் அழுகல் கண்டால் மறுநாள் அவரையே தேடிச் சென்று கேட்கலாம். பொருள் ஊரெல்லையைத் தாண்டியதும் அந்த முகம் மறைந்துவிடுகிறது. மறைந்த முகத்துக்குப் பதிலாக நிற்பதே வியாபாரச் சின்னம். இக்காலத்தார் அதனை 'லோகோ' என்பர். ஒரு தொழிலின் பெயரை நிலைநாட்டுவதில் அதற்குள்ள பங்கு எத்தகையது?

இது மேல்நாட்டார் நமக்குக் கற்பித்த புதுமையன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிலே பண்டப் பொதிகளின் மீது சோழரின் புலி இலச்சினை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளிலே படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்னும் சொல்லும் காணப்படுகின்றன. எழுத்தறிந்தவன் சொல்லைப் படித்திருப்பான். அறியாதவன் நந்தியைக் கண்டு நம்பியிருப்பான். மாட்டுக்குக் குறிசுடும் வழக்கமும் நம்மவர்க்குப் பழையதே. வணிகப் பெயரைக் குறிக்கும் 'பிராண்ட்' என்ற ஆங்கிலச் சொல்லும் சூட்டுக்குறி என்னும் பொருளின் வழியாகவே வந்தது.

இங்கிலாந்திலே 1875ஆம் ஆண்டின் சட்டப்படி, 1876 சனவரி முதலாந் திகதி முதலாவதாகப் பதிவுபெற்றது பாஸ் என்னும் பியர் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். மூன்று கோடுகளும் ஒரு நிறமுந்தான்! ஆயினும் எந்தக் கூட்டத்திலும் அது கண்ணிற் படும். கிராமபோன் பெட்டியின் முன் செவிசாய்த்திருக்கும் நாயின் படமும் அப்படியே. பிரான்சிஸ் பரோட் என்னும் ஓவியர் தீட்டிய அப்படத்தை 1899இல் கிராமபோன் கம்பெனி விலைக்கு வாங்கியது. அதன் ஆங்கில வாசகத்தைப் படிக்கத் தெரியாதவர்களும் அந்த நாயைப் பார்த்தே இசைத்தட்டை இனங்கண்டனர்.

எனினும், படம் மட்டும் பெயரைத் தந்துவிடுமா? யாழ்ப்பாணத்து மில்க்வைற் சவர்க்காரத்தை நினைத்துப் பாருங்கள். அதன் அதிபர் க. கனகராசா பனை நடுகையை ஓர் அறமாகவே கருதி ஊக்குவித்தார். 1970களிலே அத் தொழிலகத்திலிருந்து 'மில்க்வைற் செய்தி' என்னும் வெளியீடும் வந்தது. சவர்க்காரம் கரைந்துபோகும் பொருள். அந்தப் பெயரோ கரையவில்லை. மேலுறையிலே கண்ட பெயருக்கு வெளியிலே கண்ட நற்செயல் பொருள் தந்தது.

இலங்கைத் தேயிலைச் சபையின் சிங்கச் சின்னம் இவ்வுண்மையை விதியாகவே வகுத்திருக்கிறது. பொதியிலுள்ளது முழுவதும் இலங்கைத் தேயிலையாதல் வேண்டும், பொதி செய்ததும் இந்நாட்டிலேயே ஆதல் வேண்டும், தரமும் குன்றலாகாது. இவற்றுக்கு இணங்கினாலன்றிச் சிங்கத்தை அச்சிட உரிமையில்லை. வாள் ஏந்திய அச்சிங்கம் வாங்குபவருக்கு உறுதி கூறுகிறது. விற்பவரைக் கட்டுப்படுத்தவும் செய்கிறது.

எங்கள் அயலில் ஒடியல் மா விற்கும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்து, "தம்பி, என்ரை மாப் பைக்கு ஒரு படம் கீறித் தாரும். நல்லூர்க் கோயிலும் வேணும், பனையும் வேணும், யாழும் வேணும்" என்றார்.

"ஆச்சி, இவ்வளவையும் ஒரு சின்னப் பையிலை போட்டால் ஒண்டும் மனசிலை நிக்காது. உங்கடை மாவை ஏன் சனம் தேடி வாங்குது?" என்று கேட்டேன்.

"நான் நல்லாய்ப் புடைச்சு அரிச்சுக் குடுக்கிறன், அதுதான்."

"அப்ப, சுளகே போதும்."

ஒற்றைச் சுளகு, ஒரே நிறம். அதன் பின் ஒரு மாரியிலே ஒடியல் சரியாகக் காயவில்லை. அந்த மாவை அவர் வெறும் பையிலே கட்டி, உள்ளதைச் சொல்லிக் குறைந்த விலைக்குக் கொடுத்தார். காரணம் கேட்டேன். "இதுக்குச் சுளகுப் படம் போட்டால் சுளகுக்கல்லோ கேடு" என்றார். விளம்பரக் கலையைப் பற்றி நான் படித்தவை எவையும் இவ்வளவு தெளிவாக இதனைச் சொன்னதில்லை.

சின்னத்தைக் காப்பதற்குச் சட்டமும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பதிவுசெய்த சின்னத்துக்குப் பத்து ஆண்டுகள் பாதுகாப்புக் கிடைக்கும், பின்னும் புதுப்பிக்கலாம். ஓர் இடத்தின் பெயருக்கே காப்புப் பெறும் வழியும் இருக்கிறது. இலங்கைக் கறுவாவின் பெயருக்கு 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் அத்தகைய காப்பினை வழங்கிற்று.

எங்கள் செம்மண்ணின் வெங்காயமோ இன்றும் பெயரற்ற சாக்குகளிலே லொறியேறுகிறது. தெற்கே இறங்கியதும் பிற இடத்து வெங்காயத்தோடு கலந்துவிடுகிறது. தரம் பிரித்துக் காயவைத்த கமக்காரனின் உழைப்பு அந்தக் கலப்பிலே கரைகிறது. நல்லதற்கும் தாழ்ந்ததற்கும் ஒரே விலை. புத்தூர்க் கமக்காரர் சிலரேனும் ஒன்றுகூடி, தரத்துக்கு ஒரு விதி வகுத்து, அவ்விதிக்கு அமைந்த சாக்குகளுக்கு மட்டும் ஒரு பொதுக்குறி இட்டால் என்ன? குறியை ஒரு நாளிலே கீறிவிடலாம். விதியை வருடந்தோறும் காப்பதே கடினம். அக் கடினத்துக்கு உடன்படுவோர் முன்வருவாராக. சாக்கின் மேல் எழுதுவதற்கு ஊரின் பெயர் காத்திருக்கிறது.