இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கப் போறீங்களா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஈபி அட்டையை எடுங்க

2025 மார்ச் கடைசியில நம்ம நாமக்கல் கேஸ் டேங்கர் லாரி உரிமையாளர்கள் ஸ்டிரைக்ல இறங்கினாங்க, ஞாபகம் இருக்கா? தென்மாநிலங்களுக்கு எல்பிஜி சுமக்கிற டேங்கர்கள்ல பெரும்பங்கு நம்ம ஊர்க்காரங்களோடது. அதனால நாமக்கல்ல வண்டி நின்னா மங்களூர்ல கூட பேச்சாயிடும். சில நாள்லயே ஸ்டிரைக் முடிஞ்சது. அது அடங்கறதுக்குள்ள ஏப்ரல்ல சிலிண்டருக்கு 50 ரூபாய் ஏறுச்சு. சென்னையில 868.50 ஆச்சு, நம்ம பக்கம் அதைவிடக் கொஞ்சம் கூட.

அந்த ரெண்டு வாரத்துல வரி கணக்கு பத்திக் கேக்கறவங்களை விட "இண்டக்‌ஷன் வாங்கலாமா?"ன்னு கேட்டவங்கதான் எனக்கு அதிகம். எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியல. ஏன்னா அதே அடுப்பு ஒரு வீட்டுல காசை மிச்சம் பண்ணுது, இன்னொரு வீட்டுல காசைத் தின்னுது. எங்க குடும்பத்துலயே ரெண்டுக்கும் உதாரணம் இருக்கு.

முதல்ல அடிப்படைக் கணக்கு. 14.2 கிலோ சிலிண்டர்ல இருக்கிற வெப்பத்தை மின்சார அளவுக்கு மாத்தினா சுமார் 180 யூனிட். ஆனா கேஸ் அடுப்புல அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் பாத்திரத்துக்குள்ள போகும், மீதி சமையலறையைச் சூடாக்கும். இண்டக்‌ஷன்ல பாத்திரமே சூடாகறதால எண்பது சதவீதத்துக்கு மேல உள்ளே போகுது. எல்லாம் போட்டுப் பார்த்தா, ஒரு சிலிண்டர் செய்யற வேலையை இண்டக்‌ஷன் தோராயமா 125 முதல் 130 யூனிட்ல செஞ்சிடும். சிலிண்டர் 890 ரூபாய்னு வெச்சா, ஒரு யூனிட் கிட்டத்தட்ட 7 ரூபாய்க்குள்ள கிடைக்கிற வரைக்கும் இண்டக்‌ஷன் லாபம். அதுக்கு மேல போனா கேஸ்தான் லாபம்.

சரி, உங்களுக்கு யூனிட் என்ன விலை? இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. மொத்த பில்லை மொத்த யூனிட்டால வகுத்து "எனக்கு மூணு ரூபாய்தான் ஆகுது"ங்கறாங்க. புது அடுப்பு எரிக்கப் போறது உங்க கடைசி யூனிட்டுகளை. அதோட விலையைத்தான் பாக்கணும்.

2024 ஜூலைல வந்த கட்டணப்படி, மானியம் போக அப்ப நாம கட்டினது இது: ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை 2.35 ரூபாய். 400 வரை 4.70. 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டினா அந்த 2.35 சலுகை போயிடும், அந்த நூறு யூனிட்டுக்கும் 4.70 கட்டணும். தாண்டின யூனிட்டுக்கு 8.40. 500 யூனிட்டுக்கு பில் 1,805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய். அந்த ஒத்தை யூனிட்டோட விலை 243 ரூபாய்! ஆடிட்டரா இருந்தும் எனக்கு இதை முதல் தடவை பார்த்தப்ப கொஞ்சம் வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு.

இப்ப எங்க வீட்டுக்கு வாங்க. சேலம், நாலு பேர், ஒரு ஏசி. மார்கழி, தை மாசத்துல 360 யூனிட் ஓடும், பில் 987. அதுல இண்டக்‌ஷன் 100 யூனிட் சேர்ந்தா 460 யூனிட், பில் 1,553. கூடுதல் 566 ரூபாய். அந்த 100 யூனிட் மிச்சம் பண்ற கேஸ் சுமார் 690 ரூபாய்க்கு. ஆக 120 ரூபாய் போல மிச்சம். பரவால்ல. ஆனா சித்திரை வெயில்ல ஏசியோட எங்க மீட்டர் 470 காட்டும், பில் 1,616. அங்க அதே 100 யூனிட்டைச் சேர்த்தா 570, பில் 2,628! கூடுதலா 1,012 ரூபாய் கட்டி 690 ரூபாய் கேஸை மிச்சம் பண்றோம். 320 ரூபாய் நஷ்டம். அதனால எங்க வீட்டு இண்டக்‌ஷன் பங்குனி கடைசியில பரண் ஏறிடும், ஐப்பசியில இறங்கும். சிரிக்காதீங்க, நிஜமாத்தான் சொல்றேன்.

அடுத்தது எங்க அத்தை வீடு. ராசிபுரம் பக்கத்துல தனியா இருக்காங்க, 68 வயசு, முழங்கால் வலி. சிலிண்டர் மாத்திக் குடுத்துட்டு இருந்த பக்கத்து வீட்டுப் பையன் வேலைக்குத் திருப்பூர் போயிட்டான். ஒரு தடவை சிலிண்டர் தீர்ந்து, மாத்த ஆளில்லாம ரெண்டு நாள் பன்னும் பாலும் வாங்கிச் சாப்பிட்டிருக்காங்க. யார்கிட்டயும் சொல்லல. "உங்களையெல்லாம் எதுக்கு கண்ணு தொந்தரவு பண்ணோணும்"னாங்க. அதைக் கேட்டப்புறம் எனக்கு ரூபாய் கணக்கு ரெண்டாம்பட்சமாயிடுச்சு. ஆனா கணக்கும் அவங்க பக்கம்தான் இருந்துச்சு. அவங்க ஓட்டறது ரெண்டு மாசத்துக்கு 90 யூனிட், பில்லே கிடையாது. இண்டக்‌ஷனுக்கு 50 யூனிட் சேர்த்தா 140. கட்ட வேண்டியது 94 ரூபாய். மிச்சமாகற கேஸ் சுமார் 350 ரூபாய்க்கு. வருஷத்துக்கு 1,500 ரூபாய் மிச்சம்.

ஆனா வாங்கினதுல சொதப்பிட்டோம். அவங்க பையன் பெங்களூர்ல இருந்து ஆன்லைன்ல 2000 வாட், டச் பேனல் மாடல் ஒண்ணு அனுப்பி வெச்சான். 2000 வாட்னா கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். அத்தை வீட்டு சமையலறையில இருந்ததோ சின்ன 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட், அதுவும் பழைய வயரிங். மிக்சிக்குப் போட்டது. மூணு முள் பெரிய பிளக் அதுல நுழையலன்னு கன்வெர்ட்டர் ஒண்ணு வாங்கி மாட்டியிருக்காங்க. பத்தாவது நாள் பிளக் கருகி புகை வந்துச்சு. நல்லவேளை பகல்ல, அவங்க பக்கத்துலயே இருந்தாங்க. நான் போய்ப் பார்த்தப்ப அந்தக் கன்வெர்ட்டர் பாதி உருகி சுவத்துல ஒட்டிட்டு இருந்துச்சு.

அதனால வாட்ஸ், பிராண்டு எல்லாம் அப்புறம். முதல்ல சமையலறையில 16 ஆம்பியர் பாயிண்ட் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மெயின் போர்டுல இருந்து தனி வயர் இழுத்து, தனி எம்சிபி போடச் சொல்லுங்க. எர்த் சரியா இருக்கான்னும் செக் பண்ணச் சொல்லுங்க. அத்தை வீட்டுல அதுக்கு 1,400 ரூபாய் ஆச்சு. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல இண்டக்‌ஷனைச் சொருகவே கூடாது.

அடுத்தது பாத்திரம். கடைக்குப் போகும்போது வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கிற காந்தம் ஒண்ணை எடுத்துட்டுப் போங்க. அடியில காந்தம் ஒட்டினாத்தான் இண்டக்‌ஷன்ல சூடாகும். சேலம்காரங்க எவர்சில்வர்னா எல்லாம் ஒண்ணுன்னு நினைக்கிறோம். இரும்பாலை ஊர்க்காரங்களே இப்படி நினைக்கலாமா! நிக்கல் சேர்ந்த 304 ரக ஸ்டீல்ல காந்தம் ஒட்டாது, நிக்கல் இல்லாத 430 ரகத்துல ஒட்டும். பழைய ஒரு ரூபாய் ஸ்டீல் காசுல காந்தம் ஒட்டுதே, அது இந்த ரெண்டாவது ஜாதி. அலுமினிய குக்கர், பித்தளை, மண்சட்டி எதுவும் வேலைக்காகாது. குக்கரும் பால் பாத்திரமும் இண்டக்‌ஷன் அடியோட புதுசா வாங்கினா இன்னும் 2,000 ரூபாய். இதையும் அடுப்பு விலையோட சேர்த்துத்தான் கணக்குப் போடணும்.

தோசைக்கல்லுல காந்தம் ஒட்டும், ஆனா தோசை சரியா வராது. அடுப்புக்குள்ள இருக்கிற காயில் சின்னது, கல்லு பெருசு. நடுவுல கருகும், ஓரம் வெள்ளையா நிக்கும். அடி குழிஞ்ச வாணலியும் அப்படித்தான். இதுக்காகவே ஒரு சின்ன கேஸ் அடுப்பை வீட்டுல வெச்சுக்கங்க. கனெக்‌ஷனை சரண்டர் பண்ணிடாதீங்க.

அடுப்பைத் தேர்ந்தெடுக்கறப்ப நான் பாத்தது சிலதுதான். ஒண்ணு ரெண்டு பேருக்கு 1200 முதல் 1400 வாட் தாராளம், நாலு பேருக்கு 1800 போதும். டச் வேண்டாம், அமுக்கற பட்டன் உள்ளதா வாங்குங்க. ஈரக் கையில டச் சொன்ன பேச்சு கேக்காது, கண்ணு சரியாத் தெரியாதவங்களுக்கு பட்டன்தான் விரலுக்குப் புடிபடும். பின்னாடி லேபிள்ல வோல்டேஜ் எவ்வளவு வரைக்கும் தாங்கும்னு போட்டிருக்கும், சாயங்காலம் வோல்டேஜ் இறங்கற ஊர்க்காரங்க அதைப் பாக்காம வாங்காதீங்க. ஐஎஸ்ஐ முத்திரை இருக்கணும். மேல இருக்கிற கண்ணாடி உடைஞ்சா பெரும்பாலும் வாரண்டி கிடையாது, அதைக் கடையிலயே கேட்டுடுங்க. சர்வீஸ் சென்டர் எங்கன்னும் கேளுங்க. ராசிபுரத்துல இருந்து அடுப்பைத் தூக்கிட்டு கோயம்புத்தூர் போக முடியாது.

வீட்டுல யாருக்காவது பேஸ்மேக்கர் வெச்சிருந்தா, அவங்க எரியற இண்டக்‌ஷன்ல இருந்து ரெண்டு அடியாவது தள்ளி நிக்கணும். டாக்டரைக் கேட்டுட்டு வாங்குங்க.

2,500 ரூபாய் சாமானுக்கு நோ காஸ்ட் இஎம்ஐ கேட்டா நான் திட்டுவேன். வட்டி இல்லைன்னு சொன்னாலும் பிராசசிங் ஃபீஸ் இருக்கும், உள்ளே மறைஞ்சிருக்கிற வட்டிக்கு ஜிஎஸ்டி உங்க தலையிலதான் விழும்.

அத்தைக்கு அந்த 2000 வாட் அடுப்பைத் திருப்பி அனுப்ப முடியல, கெடு தாண்டிடுச்சு. அதை நாங்க எடுத்துக்கிட்டு, சேலம் அஞ்சு ரோடு பக்கம் ஒரு கடையில 1,900 ரூபாய்க்கு பட்டன் வெச்ச 1400 வாட் அடுப்பு வாங்கிக் கொடுத்தோம். போன ரீடிங்ல அவங்களுக்கு 146 யூனிட், பில் 108 ரூபாய். வருஷக்கணக்கா பூஜ்யமா இருந்த ஈபி அட்டையில முதல் தடவையா தொகை விழுந்ததைப் பார்த்து அன்னைக்கே போன் பண்ணிட்டாங்க. "கண்ணு, மீட்டர்ல ஏதோ கோளாறாட்ட இருக்குது, ஈபி ஆபீசுக்கு ஒரு எட்டு போய்ட்டு வரட்டுமா?"

கேஸ் மிச்சத்தைச் சொல்லிப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆச்சு.