எக்ஸிட்டர் மக்கள் எதை நம்பினார்கள்?

1892 மார்ச் 17. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்து எக்ஸிட்டர் ஊரில், ஒரே குடும்பத்தின் மூன்று உடல்களை ஊரார் கல்லறைகளிலிருந்து வெளியே எடுத்தார்கள். ஜார்ஜ் பிரவுனின் மனைவியும் மூத்த மகளும் 1883, 1884-இல் காசநோய்க்குப் பலியானவர்கள். அவர்களுடைய உடல்களில் எலும்புதான் மிச்சம். இன்னொரு மகள் மெர்சி, 19 வயது, அந்த ஜனவரியில் இறந்தவள். அவள் உடல் அழுகவில்லை. இதயத்தில் ரத்தம் இருந்தது. இதயத்தையும் ஈரலையும் பாறைமேல் வைத்து எரித்தார்கள். அவளுடைய அண்ணன் எட்வின் அதே நோயில் கிடந்தான். சாம்பலைக் கரைத்து அவனுக்குக் கொடுத்தார்கள். மே மாதம் அவனும் இறந்தான்.

மேலே உள்ள பத்தியைத் தேர்வில் ‘உரைப்பத்தியைப் படித்து விடையளி’ பகுதியில் கொடுத்து, ‘ஊரார் நம்பியது என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘மெர்சி இரவில் எழுந்து வந்து ரத்தம் குடித்தாள்’ என்பது ஒரு விடையாக இருந்தால், பலருடைய கை அங்கேதான் போகும். பத்தியில் அப்படி ஒரு வரிகூட இல்லை. அது சினிமாவிலிருந்து வருவது. ரத்தக்காட்டேரிக் கதையான ‘டிராகுலா’ நாவலே 1897-இல்தான் வெளிவந்தது.

பத்தியில் இருப்பது ஊராரின் செயல்கள். ரத்தம் உள்ள இதயத்தைத் தேடினார்கள், எரித்தார்கள், சாம்பலை நோயாளிக்கே கொடுத்தார்கள். அவள் நடமாட்டத்தைத் தடுப்பது மட்டுமே நோக்கமென்றால் அந்தக் கடைசி வேலைக்கு அவசியமே இல்லை. பிணத்தில் தங்கிவிட்ட ஏதோ ஒன்று உயிரோடிருக்கும் உறவினரை உருக்குகிறது, அதை அழித்தால் அவர் பிழைப்பார் என்பதே அவர்களுடைய நம்பிக்கை. அது ஒரு வைத்தியம்.

‘தந்தையும் நம்பினார்’ என்ற விடை இன்னும் நுட்பமான பொறி. அவர் சம்மதித்தார், அவ்வளவுதான். அவருக்கு இதில் நம்பிக்கை இல்லை, அக்கம்பக்கத்தாரின் வற்புறுத்தலுக்கு இணங்கினார் என்றே அன்றைய செய்தித்தாள் எழுதியது. சாகக் கிடக்கும் மகனுக்காகத் தகப்பன் எதற்கும் தலையாட்டுவான்; அதை நம்பிக்கைக் கணக்கில் எழுதக் கூடாது.

ஊராரை மூடர்கள் என்று தள்ளவும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவர் பின் ஒருவராக ஒரே வீட்டில் நோய் தாவுவதை அவர்கள் சரியாகவே கவனித்திருந்தார்கள். சறுக்கியது ஒப்பீட்டில். எட்டு வருடம் மண்ணில் கிடந்த உடல்களோடு, இரண்டு மாதக் கடுங்குளிரில் தரைமேல் கட்டிய பிணவறையில் கிடந்த உடலை ஒப்பிட்டார்கள். உடலைப் பரிசோதித்த டாக்டர் ஹெரால்ட் மெட்காஃப், இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை, நுரையீரலில் இருப்பது காசநோய் என்று சொன்னார். அதன் பிறகும் நெருப்பு மூட்டினார்கள். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் அறிவித்துப் பத்து வருடம் ஆகியிருந்தது. ஆனால் எட்வினுக்குக் கொடுக்க டாக்டரிடம் மருந்து இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1943-இல்.